ஆச்சிக்கு எந்த ஞாயிறு?

மஞ்சப்பைக்குள் ஒரு பிளாஸ்டிக் உறை, உறைக்குள் நான்கு தாள். தாராவி 90 அடி சாலையில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, ஆச்சி அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து என் மடியில் வைத்தார். குடும்பநல நீதிமன்றத்து ஆர்டர் காப்பி. பூராவும் ஆங்கிலம். மூன்றாவது தாளில் ஒரு பத்தி மட்டும் விரல் பட்டுப் பட்டுக் கறுத்திருந்தது. அந்த இடத்தில் மறுபடியும் விரலை வைத்தார்.

“இதுல எம் பேரு எங்கயாவது இருக்கா தம்பி?”

இல்லை. நான்கு தாளிலும் இல்லை.

பத்தி சொன்னது இவ்வளவுதான். ஏழு வயதுப் பெண் குழந்தை செம்பூரில் தாயிடம் இருக்கும். மாதத்தில் இரண்டாவது, நான்காவது ஞாயிறு காலை 11 மணிக்குத் தகப்பன் அழைத்துப் போய், மாலை 5 மணிக்குத் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். பள்ளி லீவில் பாதி அவரிடம். கணவனும் மனைவியும் சம்மதித்து எழுதிக் கொடுத்ததை நீதிபதி அப்படியே உத்தரவாக்கியிருக்கிறார். எழுதிய காலத்தில் தகப்பன், அதாவது ஆச்சியின் மகன், மும்பையில் இருந்தார். இப்போது தோஹாவில் வேலை. வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறார். தாளில் வருஷத்துக்கு 24 ஞாயிறு இருக்கிறது, போய் அழைத்துவர ஆள் இல்லை.

ஒரு ஞாயிறு ஆச்சியும் தாத்தாவுமே தூக்குச் சட்டியில் முறுக்கு எடுத்துக்கொண்டு செம்பூர் போயிருக்கிறார்கள். “ஆர்டர்ல உங்க மகன் பேருதான இருக்கு அத்த” என்று மருமகள் வாசலிலேயே சொல்லிவிட்டாள். முறுக்கை வாங்கிக்கொண்டாள். குழந்தை உள்ளே டி.வி. பார்த்துக்கொண்டிருந்தது, சத்தம் கேட்டது, வெளியே வரவில்லை.

“பிள்ளையப் பாக்கதுக்கு எனக்கு உரிம இல்லியா தம்பி?”

இன்னொரு கட்டிங் டீ சொன்னேன். ஒரு கிளாஸில் முடிகிற பதில் இல்லை. நான் வக்கீலும் இல்லை. மனு எழுதிக் கொடுத்தும் பாந்திரா குடும்பநல நீதிமன்றத்துக்குத் துணைக்குப் போயும் பழகியவன். அங்கே நாள் முழுக்கக் காதில் விழுவது மூன்று சொல்: கார்டியன், கஸ்டடி, ஆக்சஸ். இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சண்டை.

கார்டியன் என்பவர் சட்டத்தின் கண்ணில் குழந்தைக்காகக் கையெழுத்துப் போடத் தகுந்தவர். கஸ்டடி என்பது குழந்தை யார் வீட்டில் சாப்பிட்டுத் தூங்கிப் பள்ளிக்குப் போகிறது என்பது. ஆக்சஸ் என்பது மற்றவர் குழந்தையைப் பார்க்கவும் கூட வைத்துக்கொள்ளவும் கிடைக்கும் நேரம். மூன்றும் ஒருவரிடமே இருக்க வேண்டும் என்று இல்லை. 1956-ஆம் ஆண்டு இந்து இளவர் சட்டம் தகப்பனை முதல் கார்டியனாகவும், அவருக்குப் ‘பிறகு’ தாயையும் சொல்கிறது. அதே சட்டம், ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அந்தப் ‘பிறகு’ என்ற சொல்லோடு மல்லுக்கட்டியவர் கோயம்புத்தூரில் பிறந்து மும்பையிலும் மணிலாவிலும் வளர்ந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன். மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்கப் போனவரிடம், தகப்பன் கையெழுத்துதான் செல்லும் என்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. தகப்பன் செத்த பிறகு என்று பொருள் கொள்ள வேண்டாம், அவர் பொறுப்பில் இல்லாதபோதெல்லாம் தாயே கார்டியன்தான் என்று 1999 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது.

சரி, தாத்தா பாட்டி எங்கே வருகிறார்கள்?

நேரடியாக எங்கும் இல்லை. பேரப்பிள்ளையைப் பார்க்கத் தாத்தா பாட்டிக்கு உரிமை உண்டு என்று தனியாகச் சொல்லும் சட்டம் நம் நாட்டில் கிடையாது. பிரான்சில் இருக்கிறது. அந்த நாட்டு சிவில் சட்டத்தின் 371-4-ஆம் பிரிவு, தாத்தா பாட்டியோடு உறவு வைத்துக்கொள்வதைக் குழந்தையின் உரிமையாகவே எழுதி வைத்திருக்கிறது. குழந்தைக்குக் கெடுதல் என்றால் மட்டுமே தடுக்கலாம். அமெரிக்கா வேறு மாதிரி. வாஷிங்டன் மாநிலத்தில் மகன் இறந்த பிறகு பேத்திகளை அதிக நேரம் பார்க்க வேண்டும் என்று கேட்ட தாத்தா பாட்டிக்கு எதிராக, யாரை எவ்வளவு நேரம் பார்க்கலாம் என்று முடிவு செய்வது தாயின் உரிமை என்று 2000-இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் நாட்டில், சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்த ஏ.பி. ஷா தலைமையிலான சட்ட ஆணையம் 2015-இல் கொடுத்த 257-ஆம் அறிக்கை, தாயும் தகப்பனும் கூட்டாகப் பொறுப்பேற்பதைப் பற்றிப் பேசியபோது தாத்தா பாட்டியோடு குழந்தை கழிக்கும் நேரத்தையும் சேர்த்துக்கொண்டது. அது இன்றுவரை சட்டமாகவில்லை.

ஆச்சி நடுவில் புகுந்தார். “அப்ப எனக்கு ஒண்ணுமே கெடையாதுன்னு சொல்லுதீகளா?”

அப்படிச் சொல்லவில்லை. வாசல் இரண்டு இருக்கிறது. எது நம் வாசல் என்று தெரிந்து தட்ட வேண்டும்.

ஒரு வாசல், மகன் அல்லது மகளின் நேரத்துக்குள் இருக்கிறது. தகப்பனுக்குக் கிடைத்த ஞாயிறில் தகப்பன் வீட்டுக்குக் குழந்தை வரும்போது தாத்தாவும் ஆச்சியும் இருக்கத்தானே செய்வார்கள்? அதற்குத் தனி உரிமை தேவைப்படுவதில்லை. அவர் ஊரில் இல்லாதபோதுதான் சிக்கல். சம்மத ஒப்பந்தம் — இங்கே எல்லாரும் கன்சென்ட் டெர்ம்ஸ் என்கிறார்கள் — எழுதும் அன்றைக்கே ‘தகப்பன் ஊரில் இல்லாதபோது அவருடைய பெற்றோர் அந்த நேரத்தில் குழந்தையை அழைத்துச் செல்லலாம்’ என்று ஒரு வரி சேர்த்திருந்தால், ஆச்சி மஞ்சப்பையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்திருக்க வேண்டியதில்லை. இரண்டு வக்கீல்களும் ஜீவனாம்சத் தொகைக்காக ஆறு தாரீக் (வாய்தா) வாங்கினார்கள். இந்த வரியைப் பற்றி யாரும் பேசவில்லை.

எழுதி முடித்துவிட்டோமே, இனி என்ன என்று தாத்தா கேட்டார். ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் அதுவரை வாயே திறக்கவில்லை. அவருக்கு நல்ல பதில் இருந்தது. குழந்தை சம்பந்தப்பட்ட உத்தரவு எதுவும் கல்லில் வெட்டியது ஆகாது. 1973-இல் சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: கஸ்டடி உத்தரவுகள் எல்லாம் தற்காலிகம்தான், இருவரும் சம்மதித்துப் பெற்றதாக இருந்தாலும் குழந்தையின் நலம் கேட்டால் மாற்றலாம். பிள்ளைகள் பெற்றோரின் உடைமையும் அல்ல, விளையாட்டுப் பொருளும் அல்ல என்று சொன்ன தீர்ப்பும் அதுதான். ஐம்பது வருஷம் தாண்டியும் இன்றைக்கும் வக்கீல்கள் அதை எடுத்துக் காட்டுகிறார்கள். இந்து திருமணச் சட்டத்தின் 26-ஆம் பிரிவில், விவாகரத்து முடிந்த பிறகும் குழந்தை விஷயமாக மனுப் போட்டு உத்தரவைத் திருத்தலாம். ஆகவே தோஹாவில் இருக்கும் மகன், ‘நான் இல்லாத ஞாயிறுகளில் என் அப்பா அம்மா’ என்று திருத்தம் கேட்கலாம். கேட்க வேண்டியது அவர். ஆச்சி அல்ல.

இரண்டாவது வாசல், மகனோ மகளோ இறந்துபோன வீட்டுக்கு. இதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கும், ஏனென்றால் இந்த வாசலில் நிற்பவர்கள் ஏற்கெனவே ஒரு சாவைப் பார்த்தவர்கள். 1890-ஆம் ஆண்டு கார்டியன் சட்டத்தின் 8-ஆம் பிரிவின்படி குழந்தையின் எந்த உறவினரும், நண்பர்கூட, கார்டியனாகக் கேட்டு மனுப் போடலாம். 17-ஆம் பிரிவு நீதிபதி எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று சொல்கிறது: குழந்தையின் வயது, மதம், கேட்பவரின் குணம், தகுதி, உறவின் நெருக்கம், இறந்த பெற்றோரின் விருப்பம், விவரம் தெரிந்த குழந்தை என்றால் அதன் விருப்பமும். இத்தனையையும் நீதிமன்றங்கள் ஒரே சொல்லில் கட்டிவிடுகின்றன: குழந்தையின் நலம்.

அந்தச் சொல் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். கொல்கத்தாவில் ஒரு பெண் இறந்தார். கணவன் மீது வரதட்சணைச் சாவு வழக்கு. மகன் தாய்வழித் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தான். கீழ் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும், தகப்பன்தானே இயற்கைக் கார்டியன் என்று அவரிடமே ஒப்படைக்கச் சொல்லிவிட்டன. 2008-இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. நீதிபதிகள் சிறுவனைத் தனியே அழைத்துப் பேசினார்கள். அவனுக்குத் தகப்பனிடம் போக மனமில்லை. தாத்தா பாட்டியிடமே இருந்தான்.

இப்போது நம் ஊர் வழக்கு, 2019. தாய்க்குப் புற்றுநோய், தகப்பனுக்கு மூளை வரை போன காசநோய். கைக்குழந்தையைத் தாயின் உடன்பிறந்தவர்கள் எடுத்து வளர்த்தார்கள். தாய் இறந்தார், தகப்பன் தேறிவந்தார், குழந்தையைக் கேட்டார். கொடுக்க மனம் வரவில்லை. மும்பை உயர் நீதிமன்றம் தகப்பனிடம் கொடுக்கச் சொன்னது. உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. தீர்ப்பை எழுதியவர் தமிழ்நாட்டிலிருந்து சென்ற நீதிபதி ஆர். பானுமதி. வளர்த்தவர்களின் பாசத்தை அவர் தள்ளிவிடவில்லை, அவர்கள் குழந்தையைப் பார்க்க நேரம் ஒதுக்கினார். ஆனால் தகப்பன் நோய்ப்படுக்கையில் இருந்தபோது ஒப்படைத்த குழந்தை, அவர் எழுந்து வந்ததும் அவரிடம் திரும்ப வேண்டும்.

2025 செப்டம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் இன்னும் கறாராகச் சொன்னது. பிறந்ததிலிருந்து பாட்டி வளர்த்த ஐந்து வயதுப் பையன், பாட்டிக்கு எழுபது தாண்டிய வயது. பெற்ற தாயும் தகப்பனும் உயிரோடு இருந்து கேட்கிறார்கள். எத்தனை வருஷம் வளர்த்த பாசமாக இருந்தாலும், அது பெற்றவர்களின் உரிமைக்கு மேலே போகாது என்றது நீதிமன்றம். இதைக் கேட்டு ஆச்சிகள் நெஞ்சு உடைய வேண்டாம். பாட்டியும் பெற்றவர்களும் எதிரெதிரே நின்றால் பாட்டி பெரும்பாலும் தோற்பார் என்பது மட்டும்தான் இதில் உள்ள பாடம். எதிரெதிரே நிற்கிற நிலைமை வரவிடக் கூடாது.

பெற்ற இருவருமே இல்லையென்றால்? 2021-இல் கொரோனாவில் அகமதாபாத்தில் ஒரு சிறுவன் ஒரே மாத இடைவெளியில் தாயையும் தகப்பனையும் இழந்தான். குஜராத் உயர் நீதிமன்றம் தாயின் சகோதரியிடம் கொடுத்தது. வயது குறைவு, அரசு வேலை, பெரிய குடும்பம் என்று காரணம். 2022 ஜூனில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி எம்.ஆர். ஷாவும் நீதிபதி அனிருத்தா போஸும் தகப்பன்வழித் தாத்தா பாட்டியிடம் மாற்றினார்கள். வயதும் வருமானமும் மட்டும் அளவுகோலாகாது என்றார்கள். அதை முழு மனதோடு ஏற்கிறேன். பென்ஷனில் பேரனை ஆளாக்கிய எத்தனையோ தாத்தாக்களைத் தாராவியில் பார்த்திருக்கிறேன். ஆனால் நம் சமூகத்தில் தகப்பன்வழித் தாத்தா பாட்டியே பேரனை மேலாகக் கவனிப்பார்கள் என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. அதை ஏற்க முடியவில்லை. நம் வீடுகளில் தலைப்பிரசவம் தாய்வீட்டில். குழந்தைக்கு முதல் மருந்து உரைத்து ஊட்டுவது அம்மாவைப் பெற்ற ஆச்சி. காது குத்தும்போது குழந்தை உட்காருவது தாய்மாமன் மடியில். எந்த வழி என்பதை வைத்துப் பாசத்தை அளக்க முடியாது.

தாராவியில் நம் முஸ்லிம் குடும்பங்களும் நிறைய. அவர்களுக்கு ஒரு செய்தி. இஸ்லாமியச் சட்டத்தின் ஹனஃபி முறையில் சிறு குழந்தையை வளர்க்கும் உரிமை முதலில் தாய்க்கு. மகன் என்றால் ஏழு வயது வரை, மகள் என்றால் பருவம் அடையும் வரை. தாய் இல்லையென்றால் அடுத்து வருவது தாயைப் பெற்ற நன்னி, தகப்பன் அல்ல. அங்கேயும் நீதிமன்றம் கடைசியில் குழந்தையின் நலத்தைத்தான் பார்க்கும். ஆனாலும் நன்னியின் இடம் அந்தச் சட்டத்தில் பெயரோடு எழுதியிருக்கிறது.

எந்த ஊர் நீதிமன்றம் என்பதைச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்கக் கூடாது. மும்பைத் தமிழர்கள் மாட்டிக்கொள்ளும் கண்ணி இது. பத்துக்குப் பத்து அறையில் புருஷனும் பெண்டாட்டியும் வேலைக்குப் போனால் கைக்குழந்தையை யார் பார்ப்பது? தாதர்–திருநெல்வேலி ரயிலில் ஏற்றி ஊர் ஆச்சியிடம் விட்டுவிடுகிறோம். தலைமுறை தலைமுறையாக அப்படித்தான். குழந்தை ஊரில் பால்வாடி போய், ஊர்ப் பள்ளியில் சேர்ந்து, நெல்லைப் பேச்சுப் பேசும். நான்கு வருஷம் கழித்து இங்கே புருஷன் பெண்டாட்டி பிரிகிறார்கள். கார்டியன் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றத்தில்தான் மனுப் போட வேண்டும் என்கிறது. இந்தக் குழந்தை வழக்கமாக வசிப்பது எங்கே? பாந்திராவிலா, பாளையங்கோட்டையிலா? ஆதார் அட்டையில் தாராவி முகவரி இருந்தால் போதாது. பள்ளிப் பதிவு, தடுப்பூசி அட்டை, யார் கையெழுத்துப் போட்டார்கள் என்பதையெல்லாம் வைத்துத்தான் முடிவாகும். இங்கே மனுப் போட்டுவிட்டு, ஊர் தவறு என்ற வாதத்திலேயே வருஷக்கணக்கில் அலைந்தவர்கள் உண்டு. அதனால் வக்கீலிடம் முதலில் சொல்ல வேண்டியது, குழந்தை கடைசி ஒரு வருஷம் எங்கே தூங்கியது என்பதை.

இன்னொன்று. நேரமாகிவிட்டது, ஆனாலும் சொன்னேன். நீதிமன்றத்தில் ஆச்சி ‘நான் பெத்தவன் பெத்த பிள்ளை’ என்று அழுதால் நீதிபதிக்கு வருத்தமாக இருக்கும், உத்தரவு எழுத ஒன்றும் கிடைக்காது. பிள்ளையைத் தினமும் பள்ளிக்கு விட்டது யார், காய்ச்சலில் சயான் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றது யார், வீட்டுப்பாடத்தில் யார் உட்கார்ந்தார்கள் — இதுதான் எடுபடும். பள்ளி டைரி, மருந்துச் சீட்டு, வாட்ஸ்அப் பேச்சு, எல்லாவற்றையும் தேதியோடு எடுத்து வையுங்கள். நீதிமன்ற ஆலோசகர் குழந்தையோடு தனியாகப் பேசுவார். தாயைப் பற்றி நாம் குழந்தையிடம் என்ன சொல்லிவைத்தோம் என்பது அந்த அறையில் வெளியே வந்துவிடும். மருமகள் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் பேத்தி முன்னால் ஒரு சொல் வேண்டாம். பள்ளி வாசலிலிருந்து தூக்கிக்கொண்டு வருவது மட்டும் கூடவே கூடாது. ஆட்கொணர்வு மனுப் போட்டால் குழந்தையோடு உயர் நீதிமன்றத்தில் போய் நிற்க வேண்டிவரும், அதற்குப் பிறகு யாரும் நம்மை நம்ப மாட்டார்கள். போனையும் மறக்க வேண்டாம். கூட இல்லாத பெற்றோர் குழந்தையோடு தினமும் ஐந்து பத்து நிமிஷம் பேச உரிமை வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. மகன் தோஹாவிலிருந்து பேசும் அந்தப் பத்து நிமிஷத்தில் ஆச்சியும் திரையில் வரலாம்.

ஆச்சி எல்லாம் கேட்டுவிட்டு, “பொங்கலுக்காவது விடுவாளா?” என்றார்.

அந்த ஒரு கேள்வியில் எனக்கு விளங்கிற்று, அந்த நான்கு தாளில் வேறு என்ன இல்லை என்று. லீவுப் பங்கீட்டில் தீபாவளி இருந்தது, கணபதி இருந்தது, கிறிஸ்துமஸ் இருந்தது. வழக்கமான ஒரு படிவத்தை எடுத்து நிரப்பியிருக்கிறார்கள். பொங்கல் இல்லை. ஊரில் கோயில் கொடை இல்லை. காதுகுத்து இன்னும் ஆகவில்லையாம், அது யார் வீட்டில் என்றும் இல்லை. தமிழ்க் குடும்பத்தின் வருஷம் அந்தத் தாளில் இல்லவே இல்லை. யாரும் வேண்டுமென்று விடவில்லை, யாரும் கேட்கவில்லை.

மாதுங்காவில் மருமகளின் பெரியம்மா இருக்கிறார், நிதானமானவர். செடா நகர் முருகன் கோயிலில் வைத்து அவரிடம் முதலில் பேசச் சொன்னேன். பேசினார்கள். மருமகள் உடனே சம்மதிக்கவில்லை. சேர்ந்திருந்த காலத்தில் ஆச்சி சொன்ன சில வார்த்தைகளை அவள் மறக்கவில்லை. ஆச்சி அதை மறுக்கவும் இல்லை. கடைசியில் மாதம் ஒரு ஞாயிறும், பொங்கலன்று பாதி நாளும் என்று நின்றது. மகன் தோஹாவிலிருந்து வக்காலத்து அனுப்பியிருக்கிறார். மித்தி ஆற்றுக்கு இந்தப் பக்கம் தாராவி, அந்தப் பக்கம் பாந்திரா குர்லா வளாகத்தில் நீதிமன்றம். நடந்தே போய்விடும் தூரம்தான். திருத்த மனு போட்டாகிவிட்டது, அடுத்த தாரீக்குக்குக் காத்திருக்கிறார்கள்.

இந்த மாதம் எங்காவது ஒரு வக்கீல் அலுவலகத்தில் உட்கார்ந்து கன்சென்ட் டெர்ம்ஸில் கையெழுத்துப் போடப் போகிற தாய்க்கும் தகப்பனுக்கும் ஒரு வேண்டுகோள். பேனாவைத் திறக்கும் முன்னால், இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டியின் பெயரையும் அவர்களுக்கான நாளையும் மணியையும் சேர்க்கச் சொல்லுங்கள். வக்கீலுக்குப் பணம் இல்லாத ஆச்சிகளுக்கு: 1987-ஆம் ஆண்டு சட்ட உதவிச் சட்டத்தின்படி பெண்ணாக இருப்பதே போதும், வருமானம் கேட்காமல் இலவச வக்கீல் கொடுக்க வேண்டும். கூப்பிட வேண்டிய எண் 15100.